தானாக எழுந்த காட்டில் ஒல்லி மரங்கள் நின்றபடியே காய்கின்றன: நோயா, நெரிசலா?

ஒடுகத்தூர்_வரப்பு

வணக்கம். வேலூர் மாவட்டம் ஒடுகத்தூர் பக்கம் ஜவ்வாது மலையடிவாரத்தில், காப்புக்காட்டை ஒட்டி 4 ஏக்கர் பட்டா நிலம். வேர்க்கடலை போடுவதை நிறுத்தி 20 வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆடு மாடு விடுவதில்லை. நட்டது ஒன்றுகூடக் கிடையாது. இப்போது உசிலை, வெப்பாலை, வெள்வேல், பொரசு, ஓதியன் எல்லாம் தலைக்கு மேல் அடைத்துக்கொண்டு நிற்கின்றன. ஓரத்தில் விராலி, களா, சூரை.

பிரச்சனை இதுதான். மணிக்கட்டு பருமன் உள்ள மரங்கள் நிறைய, நின்ற வாக்கிலேயே பட்டுப்போகின்றன. உள்பக்கம் இருந்த விராலி அநேகமாக எல்லாம் போய்விட்டது. மருந்து அடிக்கச் சொல்கிறார் ஒருவர். பட்டதை வெட்டிச் சுத்தம் செய்துவிட்டு மகோகனி வைக்கச் சொல்கிறார் இன்னொருவர். எதைப் பார்த்து முடிவு செய்வது?

கணியம்பாடி

மருந்து டப்பாவை மூடி வையுங்க. நீங்க சொன்னதிலேயே பாதி விடை இருக்கு: சாவது ஒல்லி மரம், உள்ளே இருக்கும் விராலி. ஓரத்து விராலி பிழைச்சிருக்கு. விராலிக்கு முழு வெயில் வேணும். தரிசில் முதலில் வந்து மண்ணைப் பிடிக்கும், மேலே விதானம், அதாவது மரத்தலைகள் சேர்ந்த கூரை, மூடினதும் அடியில் நிற்க முடியாமல் போய்விடும். ஆவாரைக்கும் இதே கதிதான். தரிசு காடாக மாறுகிற வழியில் இந்தச் சாவு வந்தே தீரும்.

உசிலை, வெப்பாலை ஒல்லிகள் சாவதற்குப் பெயர் தன்-நெரிசல் சாவு. வெளியில் இருந்து யாரும் கழிக்காமல் கூட்டம் தன்னைத்தானே கழித்துக்கொள்வது. இதற்கு வனவியலில் பழைய கணக்கு உண்டு. 1933-ல் அமெரிக்காவில் ரைனெக்கே என்பவர், ஒரே வயது மரங்கள் நெருக்கமாக நிற்கும் காட்டில் சராசரி விட்டத்துக்கும் எண்ணிக்கைக்கும் உள்ள உறவை வரைந்தார். விட்டத்தின் மைனஸ் 1.605 அடுக்குப்படி எண்ணிக்கை இறங்குகிறது என்றார். 1963-ல் ஜப்பானில் யோடா குழுவினர், ஒரு செடியின் சராசரி எடையை வைத்து மைனஸ் 3/2 விதியைச் சொன்னார்கள்.

அடுக்கு புரியாவிட்டால் விடுங்க, இப்படிப் பாருங்க. சராசரி விட்டம் 4 செ.மீ. இருக்கும்போது ஹெக்டேருக்கு 6,000 தண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். விட்டம் 8 செ.மீ. ஆகும்போது ஏறக்குறைய 2,000 தான் மிஞ்சும். மூன்றில் இரண்டு பங்கு போச்சு. ஆனால் தண்டுகளின் குறுக்குவெட்டுப் பரப்பை எல்லாம் கூட்டினால் முன்னே ஹெக்டேருக்கு 7.5 ச.மீ., பின்னே 10 ச.மீ. 4,000 மரம் செத்த பிறகும் காடு முன்னைவிடத் தடித்திருக்கிறது. பிணத்தை மட்டும் எண்ணினால் பயம் வரும், மிச்சம் நிற்பதையும் அளந்தால் போய்விடும்.

சூரைமுள்

அண்ணே, அடிப்படை சரி. ஆனால் அந்த விதியை அப்படியே ஜவ்வாது அடிவாரத்துக்குக் கொண்டுவந்து இறக்கக் கூடாது. அது பைன் தோப்பு மாதிரி ஒரே இனம், ஒரே வயது, விதானம் இடைவெளி இல்லாமல் மூடின இடத்துக்கு எழுதினது. இங்கே அடிவாரம் முள்காடு, மேலே போகப் போக இலையுதிர் காடு. மழை வருஷத்துக்கு 900–1,000 மி.மீ. சுற்றில், அதுவும் இரண்டு பருவமாகப் பிரிந்து வருகிறது. இந்த மாதிரி இடத்தில் சண்டை வெளிச்சத்துக்கு மட்டும் இல்லை, தண்ணீருக்கும்.

இரண்டும் ஒன்று இல்லை. வெளிச்சச் சண்டை ஒருதலைப்பட்சமானது. உயரமானவன் குட்டையானவனை மறைப்பான், குட்டையானவன் உயரமானவனை ஒன்றும் செய்ய முடியாது. அதனால் சாவு ஒல்லியிலேயே குவியும். வேர்ச் சண்டையில் அப்படி இல்லை, பெரியவனும் பங்கு இழப்பான். பாறை மேல் அரையடி மண் உள்ள இடத்தில் பெரிய மரம் முதலில் சாவதும் உண்டு, ஏனென்றால் இலைப்பரப்பு அதிகம், தண்ணீர்த் தேவை அதிகம், வேருக்கு இறங்க இடம் இல்லை.

ஆகவே ஒல்லி மட்டும் சாகிறதா, பெரியதும் சாகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இரண்டாவது, எந்த வருஷம் செத்தது. 2016 வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் இயல்பைவிட 62 சதவீதம் குறைவு. அந்த மாதிரி வறட்சியில் மரம் அந்தக் கோடையிலேயே விழுந்துவிடும் என்று இல்லை. நீர்க்குழாய்களில் காற்றுக்குமிழி புகுந்து ஒவ்வொரு கிளையாகக் காயும், சேமிப்பு மாவுச்சத்து தீரும், பலவீனமான தண்டில் துளைப்பான் வண்டு ஏறும். கடைசிச் சாவு ஓரிரு வருஷம் தள்ளியும் வரலாம். நல்ல மழை பெய்த வருஷத்தில் மரம் சாவதைப் பார்த்து 'மழைதான் பெய்ததே, அப்போ நோய்தான்' என்று சொல்வது இங்கே அடிக்கடி நடக்கிற தப்பு.

கணியம்பாடி

ஒத்துக்கிறேன், வறண்ட காட்டில் சாவு சீராக நடக்காது, கொத்துக் கொத்தாக வரும். நாலு வருஷம் ஒன்றும் இல்லை, ஐந்தாவது வருஷம் வாரிக்கொண்டு போகும். முதுமலையில் 1988-ல் இந்திய அறிவியல் கழகத்தின் சுகுமார் குழுவினர் 50 ஹெக்டேர் நிரந்தரப் பரப்பு போட்டு, 1 செ.மீ. விட்டத்துக்கு மேல் உள்ள ஒவ்வொரு தண்டையும் பின்தொடர்கிறார்கள். அங்கேயும் சாவு வருஷத்துக்கு வருஷம் பெரிதாக ஏறி இறங்குகிறது. சிறு தண்டுகளைக் கொல்வதில் தீக்கும் யானைக்கும் பெரிய பங்கு. ஒரு வருஷக் கணக்கை வைத்துக்கொண்டு 'காடு அழிகிறது' என்றோ 'காடு நன்றாக இருக்கிறது' என்றோ சொல்ல முடியாது.

ஆனா நெரிசல் இல்லை, வறட்சிதான் என்று பிரிப்பதும் சரி வராது. நெருக்கமாக நிற்கிற இடத்தில் வறட்சி வந்தால் நெரிசல் தாங்காதவன் முதலில் போவான். இரண்டும் கூட்டாளி.

ஒடுகத்தூர்_வரப்பு

நன்றி. பாறை மேட்டில் இரண்டு பெரிய வெள்வேல் காய்ந்திருப்பது உண்மை. மற்றதெல்லாம் ஒல்லி. சரி, இதை முறையாக அளக்க என்ன செய்யணும்? நாடாவும் கயிறும் இருக்கு, ஆள் இரண்டு பேர்.

வெப்பாலை

இரண்டு பேர் போதும். நிரந்தரச் சதுரம் போடுங்கள்: 20 மீ. × 20 மீ., அதாவது 400 ச.மீ. எண்ணிக்கையை 25-ஆல் பெருக்கினால் ஹெக்டேர் கணக்கு. 4 ஏக்கருக்குக் குறைந்தது நாலு சதுரம். நெருக்கமான இடத்தில் ஒன்று, பாறை மேட்டில் ஒன்று, ஓடை ஓரத்தில் ஒன்று, காப்புக்காட்டு எல்லைப் பக்கம் ஒன்று. செத்த மரம் அதிகமாகத் தெரிகிற இடமாகப் பார்த்துப் போட்டால் கணக்கே கோணல். அந்தந்தப் பகுதிக்குள் கண்ணை மூடிக் கல் எறிந்து இடம் பிடித்தாலும் பரவாயில்லை.

சரிவு முக்கியம். 20 மீட்டர் என்பது கிடைமட்ட தூரம். 20 டிகிரி சரிவில் நாடாவைத் தரையோடு பிடித்தால் 21.3 மீ. வைக்கணும், 30 டிகிரியில் 23.1 மீ. இதை விட்டுவிட்டால் சரிவுச் சதுரம் சின்னதாகி, அங்கே மரம் குறைவு என்று தப்பாக வரும். மூலைகளில் கல் நடுங்கள். குச்சி நட்டால் கரையான் தின்றுவிடும்.

சுற்றளவு அளக்கும் உயரம் நம் நாட்டு வனத்துறை வழக்கப்படி தரையிலிருந்து 1.37 மீ. சரிவில் மேட்டுப் பக்கத்துத் தரையிலிருந்து எடுக்கணும். அந்த இடத்தில் முடிச்சோ கிளையோ இருந்தால் சற்று மேலே நகர்த்தி, நகர்த்தின உயரத்தை எழுதி வையுங்கள். அளந்த இடத்தில் பெயிண்டால் மெல்லிய கோடு. அடுத்த முறை இரண்டு விரல் மேலே அளந்தால் மரம் 'சுருங்கி'விடும், அது எல்லார் நோட்டிலும் நடக்கிறது.

எண் தகடு அலுமினியம், ஆணியும் அலுமினியம். அளவுக் கோட்டுக்கு ஒரு சாண் மேலே அடியுங்கள், ஆணியைப் பாதிக்கு மேல் வெளியே விட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் மரம் வளர்ந்து தகட்டை விழுங்கிவிடும். ஆணி தாங்காத ஒல்லிக்குத் தகட்டைக் கம்பியில் கோர்த்துத் தொளதொளவென்று விடணும். இறுக்கிக் கட்டின கட்டுக்கம்பி இரண்டு வருஷத்தில் பட்டையை அறுத்து மரத்தைக் கொன்றுவிடும். அப்புறம் அந்தச் சாவையும் நெரிசல் கணக்கில் எழுதுவோம்! எவ்வளவு சின்னது வரை எடுப்பது என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். 10 செ.மீ. சுற்றளவுக்கு மேல் எல்லாம், அதற்குக் கீழே உள்ள கன்றுகளை நடுவில் 5 மீ. × 5 மீ. கட்டத்தில் மட்டும் எண்ணினால் போதும்.

இது பட்டா நிலம், உங்க விருப்பம். வேலிக்கு அந்தப் பக்கம் காப்புக்காட்டில் ஒரு தகடு அடிப்பதாக இருந்தாலும் வனத்துறை அனுமதி எழுத்தில் வேணும்.

பாலாற்றுமணல்

ஒன்று சேர்க்கணும். மாசி, பங்குனியில் கணக்கெடுக்காதீங்க. அப்போ ஓதியன் எல்லாமே பிணம் மாதிரிதான் நிற்கும். ஐப்பசி மழைக்குப் பிறகு, மார்கழிக்குள் முடிச்சிடுங்க. இலை உள்ள காலத்தில் இலை இல்லாததுதான் சந்தேகக் கேஸ்.

வெப்பாலை

ஆமாம், அதைச் சொல்ல விட்டுப்போச்சு. சந்தேகமான மரத்தில் நகத்தாலோ பேனாக்கத்தி முனையாலோ பட்டையைச் சுரண்டிப் பாருங்கள். பட்டைக்கு அடியில் பச்சையும் ஈரமும் இருந்தால் உயிர். பழுப்பாக, உலர்ந்து, பட்டை தகடு தகடாக வந்தால் சாவு. ஒரே இடத்தில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மார்பு உயரம், முழங்கால் உயரம், வேர்க்கழுத்து (தண்டும் வேரும் சேரும் இடம்) என்று மூன்று இடம். மேலே செத்து அடியில் பச்சை இருந்தால், அதை 'மேல்பாகம் மட்டும் போனது' என்று தனிப் பத்தியில் எழுதணும். உசிலை, வெப்பாலை இரண்டும் அடியிலிருந்து துளிர்க்கும். அதைச் சாவில் சேர்த்தால் அடுத்த கணக்கெடுப்பில் செத்தது எழுந்து வரும்.

இன்னொன்று, குத்து. முன்னே வெட்டின அடிக்கட்டையிலிருந்து ஐந்தாறு மறுதாம்புத் தண்டு வந்திருக்கும். அதில் மூன்று காய்ந்தால் மூன்று மரம் செத்ததாகாது, மரம் ஒன்று, அது தண்டைக் கழிக்கிறது. குத்துக்கு ஒரு எண், தண்டுகளுக்கு அ, ஆ, இ. தண்டுச் சாவு வேறு, மரச் சாவு வேறு என்று இரண்டு கணக்கு. வேர்க்கடலைக் காலத்தில் வரப்பில் நின்று வெட்டுப்பட்ட மரங்களுக்கு இது கட்டாயம் பொருந்தும். 'மணிக்கட்டு பருமன் நிறையச் சாகிறது' என்பதில் பாதி இந்த வகையாக இருந்தாலும் ஆச்சரியம் இல்லை.

சூரைமுள்

அளக்கிற அன்றே ஒவ்வொரு பிணத்தையும் பிரேதப் பரிசோதனை செய்துவிடுங்க. பிறகு வந்தால் கரையான் சாட்சியைத் தின்றிருக்கும். ஒல்லித் தண்டு சில வருஷத்தில் இருந்த இடம் தெரியாது.

நின்றபடி, மேலிருந்து கீழாகக் காய்ந்து, பட்டை முழுசாக இருந்து, பக்கத்தில் தன்னைவிடத் தடித்த மரங்கள் நெருக்கி, கிரீடம் (கிளையும் இலையும் உள்ள தலைப்பகுதி) ஒரு குடுமி அளவுக்குச் சுருங்கியிருந்தால் நெரிசல். தனியாக, வெளிச்சத்தில் நிற்கும் பெரிய மரம் காய்ந்து, அடியில் பாறையோ சுக்கான்கல்லோ இருந்தால் வறட்சி. அடிப்பட்டை கருகி, ஒரு பக்கம் முக்கோணமாகத் தழும்பு இருந்தால் தீ. சரிவில் அந்தத் தழும்பு பெரும்பாலும் மேட்டுப் பக்கம் இருக்கும், தீ மேலே ஏறும்போது தண்டுக்குப் பின்னால் சுழன்று அங்கேதான் அதிக நேரம் எரிகிறது, சருகும் அங்கேதான் சேர்ந்திருக்கும். வேரோடு சாய்ந்ததும் இடுப்பில் முறிந்ததும் காற்று, ஆனால் முறிந்த இடம் உளுத்திருந்தால் காற்று கடைசிக் காரணம்தான். கொடி மூடி முறுக்கியிருந்தால் அதையும் எழுதுங்க, கொடி ஏறின மரத்துக்குச் சாவு வாய்ப்பு அதிகம். கிளைகளில் புல்லுருவி இருந்தாலும் அப்படியே.

நோய் என்றால் வேறு மாதிரி தெரியும். தடிப்பு, ஒல்லி பார்க்காது, பெரும்பாலும் ஒரே இனத்தைப் பிடிக்கும், ஒரு மையத்திலிருந்து வட்டமாக விரியும். அடியில் கெட்டியான காளான் தட்டு தெரிந்தால் வேரழுகல். தண்டில் துளையும் மரத்தூளும் தெரிந்ததும் பூச்சி என்று தீர்ப்பு எழுதாதீங்க, சாகிற மரத்துக்கு வண்டு வருவது வழக்கம். உயிரோடு தளதளவென்று நிற்கும் பக்கத்து மரத்திலும் அதே துளை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பேசணும்.

நெரிசலை உறுதி செய்ய ஒரு சோதனை. செத்த தண்டை மையமாக வைத்து 3 மீ. வட்டத்தில் அதைவிடத் தடித்த மரங்களின் சுற்றளவை எடுங்க. ஒவ்வொன்றின் வர்க்கத்தையும் 12.57-ஆல் வகுத்தால் குறுக்குவெட்டுப் பரப்பு, 25 செ.மீ. சுற்றளவு என்றால் ஏறக்குறைய 50 ச.செ.மீ. எல்லாவற்றையும் கூட்டுங்க. பிறகு அதே இனம், ஏறக்குறைய அதே பருமன், உயிரோடு உள்ள அடுத்த தண்டுக்கும் இதே கூட்டல். இப்படி முப்பது ஜோடி. செத்ததைச் சுற்றி உள்ள பரப்பு பெரும்பாலான ஜோடிகளில் அதிகமாக வந்தால் நெரிசல் என்று தைரியமாகச் சொல்லலாம். இரண்டு பக்கமும் சமமாக வந்தால் வேறு காரணம் தேடணும்.

கணியம்பாடி

சூரைமுள் சொன்ன ஜோடிச் சோதனை அருமை, செலவே இல்லை.

இறப்பு வீதம் போடும்போது ஒன்று. 200 தண்டுக்குத் தகடு போட்டு 5 வருஷம் கழித்து 160 உயிரோடு என்றால், பலரும் 40-ஐ 200-ஆல் வகுத்து, 5-ஆல் வகுத்து 4 சதவீதம் என்பார்கள். ஒவ்வொரு வருஷமும் மிஞ்சினதிலிருந்துதான் சாகிறது என்பதால் அது கூட்டு வட்டிக் கணக்கு: 160/200-க்கு ஐந்தாம் மூலம் எடுத்து 1-லிருந்து கழிக்கணும். வருஷத்துக்கு 4.4 சதவீதம் வரும். வித்தியாசம் சின்னதாகத் தெரியும். சாவு அதிகமான ஒல்லிப் பிரிவில் பெரிதாகும். மொத்தத்துக்கு ஒரே எண் போடாமல் சுற்றளவுப் பிரிவு வாரியாகப் போடுங்க: 10–20, 20–40, 40-க்கு மேல். பெரும்பாலான காடுகளில் ஒல்லியில் சாவு அதிகம், நடுவில் குறைவு, மிகப் பெரியதில் திரும்ப ஏறும். உங்க நிலம் 20 வருஷக் காடு, கடைசி ஏற்றம் இன்னும் தெரியாது.

எண்ணிக்கை குறைவாக இருந்தால் அடக்கமாகப் பேசணும். 100 தண்டில் 15 செத்தால் 15 சதவீதம்தான், ஆனால் தற்செயலுக்கு இடம் விட்டால் 8 முதல் 22 வரை எதுவாகவும் இருக்கலாம். வடக்குச் சதுரத்தில் 15, தெற்கில் 11 என்று இரண்டையும் வைத்துச் சண்டை போட்டுப் பயன் இல்லை.

பாலாற்றுமணல்

அதெல்லாம் சரிங்க. பட்ட விறகு இவ்வளவு நிற்குதே, கோடையில் தீ வந்தால்? காப்புக்காட்டு ஓரம் வேற. எடுத்துடறது நல்லதில்லையா?

சூரைமுள்

பங்குனி, சித்திரையில் தீயைப் பரப்புவது நிற்கிற பட்டமரம் இல்லை, தரையில் கிடக்கிற புல்லும் சருகும். அதோடு உண்ணிச்செடி. உண்ணி இருந்தால் தரைத்தீ ஏணி ஏறுகிற மாதிரி கிளைக்குப் போய்விடும். கை ஓடுவதானால் அதன் மேல் ஓடட்டும்: மழைக்குப் பிறகு மண் ஈரமாக இருக்கும்போது வேர்க்கழுத்துக்குக் கீழே மண்வெட்டியால் வெட்டி, தலைகீழாகக் கிளையில் தொங்கவிடுங்க. தரையில் போட்டால் திரும்ப வேர் விடும். பிடுங்கின இடத்தில் அடுத்த மழைக்கு விதை முளைக்கும், இரண்டு மூன்று வருஷம் தொடர்ந்து பார்க்கணும். எல்லை ஓரத்தில் தை மாதமே தீத்தடுப்புக்கோடு, குறைந்தது 3 மீ. அகலம், தரை தெரியும்வரை சருகைக் கூட்டி உள்ளே தள்ளாமல் வெளியே எடுத்துவிடணும்.

பட்டமரத்தில் தடித்தவை எல்லாம் நிற்கட்டும். மரங்கொத்தி, குக்குறுவான், பொந்தில் கூடு வைக்கிற கிளி, ஆந்தை எல்லாத்துக்கும் அதுதான் வீடு. விறகு வேணும் என்றால் ஒல்லியில் கொஞ்சம் எடுங்க, சதுரத்துக்கு உள்ளே மட்டும் கை வைக்காதீங்க. எடுத்தது எது, தானாக விழுந்தது எது என்று அப்புறம் தெரியாது.

கணியம்பாடி

மகோகனி பற்றி யாரும் பேசலை. வைக்க வேண்டாம். அது இந்த மண்ணுக்கு வந்தேறி, ஒல்லி செத்த இடைவெளி அதற்குப் போதாது. அந்த இடைவெளி பக்கத்து உசிலையின் கிரீடம் விரிகிற இடம். ஒல்லி போனதால் கிடைத்த தண்ணீரை நீங்க புதுக்கன்றுக்குக் கொடுத்தால், கழிவு நடந்ததன் பலனே போச்சு. குழி வெட்டும்போது அறுபடுகிற வேர் தனிக் கணக்கு. பெரிய மரம் விழுந்து வானம் தெரிகிற அளவுக்கு இடைவெளி வந்தால்கூட, முதலில் ஒரு மழைக்காலம் விட்டுப் பாருங்க, தானாக வேங்கையோ பொரசோ முளைத்திருக்கும். இரண்டு வருஷம் கழித்தும் புல்லும் உண்ணியும் மட்டும்தான் என்றால் அப்போது யோசிக்கலாம்.

வெப்பாலை

களா, சூரைப் புதர்களையும் 'சுத்தம்' செய்துவிடாதீர்கள். ஆடு வராத நிலம் என்கிறீர்கள், மான், முயல் வருமே. முள்ளுக்குள் முளைத்த கன்றுதான் தப்பிக்கிறது. அதே கன்று ஆளுயரம் தாண்டினதும் புதரை நிழலில் அமுக்கிவிடும். அப்போது களா சாவதைப் பார்த்தால், அதை இழப்பு என்று எழுதாமல் 'மேலே எது வந்தது' என்ற பத்தியில் மரத்தின் எண்ணைப் போடுங்கள்.

ஒடுகத்தூர்_வரப்பு

நிறையத் தெளிவு. கடைசியாக ஒன்று. சந்தனக் கன்றுகள் சில தானாக வந்திருக்கு. பக்கத்து உசிலை ஒல்லிகள் பட்டுப்போனால் சந்தனமும் சாகுமா? மேலும் ஒன்றில் இலை எல்லாம் சிறுத்துக் கொத்தாக இருக்கு.

சூரைமுள்

சந்தனம் வேரால் பக்கத்து மரங்களைப் பற்றி உறிஞ்சுகிற அரை ஒட்டுண்ணி. சற்று வளர்ந்த மரம் ஒரே நேரத்தில் பல மரங்களைப் பற்றியிருக்கும், ஒன்றிரண்டு உசிலை போவதால் உடனே சாகாது. ஆபத்து சின்னக் கன்றுக்குத்தான், அதைச் சுற்றி 2 மீட்டருக்குள் எதையும் வெட்டாமல் விடுங்க. பட்டை மெல்லியது, லேசான தரைத்தீ போதும் அதைக் கொல்ல, சுற்றி உள்ள சருகைக் கூட்டி அகற்றுங்க.

இலை சிறுத்துக் கொத்தானது தனி விஷயம். அது கூர்நுனி நோயின் அடையாளமாக இருக்கலாம். பைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரி, சாறு உறிஞ்சும் பூச்சியால் பரவுவது. இந்த இழையிலேயே நிஜமாக 'நோய்' என்று சந்தேகப்பட வேண்டியது இது ஒன்றுதான். நெரிசலால் இலை குறையும், இப்படிக் கொத்தாகி நுனி விறைத்து நிற்காது. பட்டா நிலச் சந்தனம் என்றாலும் வெட்டுவதற்கு முன் வனத்துறைக்கு எழுத்தில் தெரிவிக்கணும், நீங்களாகக் கத்தி வைக்காதீங்க.

இன்னொன்று, எத்தனை சந்தனம், எந்த மூலை என்று இங்கே எழுத வேண்டாம். படம் போட்டாலும் இருப்பிடத் தகவலை அழித்துவிட்டுப் போடுங்க. தகட்டு எண்ணிலும் சந்தனத்துக்குத் தனி அடையாளம் வேண்டாம், மற்ற மரங்களின் வரிசையிலேயே போகட்டும்.

ஒடுகத்தூர்_வரப்பு

சரிங்க. கார்த்திகை மழை விட்டதும் நாலு சதுரம் போட்டுவிட்டு, சுற்றளவுப் பிரிவு வாரியாக அட்டவணையை இதே இழையில் ஏற்றுகிறேன்.

வெப்பாலை

ஏற்றும்போது குத்துக் கணக்கும் தண்டுக் கணக்கும் தனித்தனியாக. மூலைக்கல் நட்டதும் ஒரு வரைபடத்தில், மேட்டுப் பக்கம் எது, நாடா எங்கிருந்து தொடங்கினது என்று குறித்துவிடுங்கள். ஐந்து வருஷம் கழித்து அளக்கப்போவது வேறு ஆளாக இருக்கலாம்.